எதிர் வீட்டுக் கொடி

தம்பி, உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். ஒஹாயோ மாநிலத்தில் டேட்டனுக்கு வெளியே வீடு வாடகைக்கு எடுத்து மூன்று மாதம் ஆகிறது. இரண்டு பக்கத்து வீட்டுப் புல்வெளியிலும் குடியரசுக் கட்சி யார்டு சைன், அதாவது வாசலில் நட்டுவைக்கும் தேர்தல் பலகை. எதிர் வீட்டுக் கம்பத்தில் டிரம்ப் பெயர் போட்ட கொடி. பகலில் தனியாக இருக்க உங்கள் மனைவி பயப்படுகிறார். அவர்களோடு பேசிப் பழகலாமா, ஒதுங்கியே இருப்பதா, அல்லது நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கும் அபார்ட்மெண்டுக்கு மாறிவிடுவதா?

வீடு மாறாதீர்கள். கொடிக்காக மட்டும் மாறாதீர்கள் என்கிறேன். 2007 முதல் நான் இதே பக்கம்தான் இருக்கிறேன். என் எதிர் வீட்டிலும் அதே கொடிதான். உங்கள் மனைவியின் பயம் எனக்கும் இருந்தது, அதனால் ஒரு குளிர்காலம் முழுவதும் ஜன்னல் திரையை விலக்காமல் வாழ்ந்தவள் நான்.

எதிர் வீட்டுப் பெரியவரைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது விளங்கும். டேட்டனை ஒட்டிய மொரேனில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆலையில் வேலை பார்த்தவர். அந்த ஆலை 2008 டிசம்பர் 23 அன்று, கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு மூடப்பட்டது. அடுத்த ஆண்டே, 1884 முதல் டேட்டனின் அடையாளமாக இருந்த, கடைகளுக்கான பணப்பதிவு இயந்திரம் செய்து பெயர் வாங்கிய என்.சி.ஆர். நிறுவனம் தலைமையகத்தை ஜார்ஜியாவுக்கு மாற்றப்போவதாக அறிவித்தது. அந்த நாட்களில் இந்தப் பக்கத்துத் தெருக்களில் எத்தனை வீட்டு வாசலில் விற்பனைப் பலகை நின்றது என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பெரியவர் 2008லும் 2012லும் ஒபாமாவுக்கு வாக்களித்தவர், அவரே சொன்னார். 2016ல் டிரம்புக்கு. ஒஹாயோ மாநிலமும் அப்படியேதான் திரும்பியது. அவர் எடுத்த முடிவோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அது எந்த வலியிலிருந்து வந்தது என்று தெரிந்த பிறகு, அந்தக் கொடியைப் பார்க்கும்போது வயிற்றைப் பிசைவது நின்றது.

இது உடனே நடக்கவில்லை. 2016 நவம்பருக்குப் பிறகு நான் அவரைப் பார்த்துக் கையசைப்பதைக்கூட நிறுத்திவிட்டேன். 2017 பிப்ரவரியில் கன்சாஸ் மாநிலம் ஒலாத்தேவில், வேலை முடிந்து ஒரு பாரில் உட்கார்ந்திருந்த இரண்டு இந்தியப் பொறியாளர்களை, என் நாட்டைவிட்டுப் போ என்று கத்திக்கொண்டு ஒருவன் சுட்டான். ஒருவர் இறந்துபோனார். அதற்கப்புறம் என் கணவர் கடையில் நின்று தமிழில் போன் பேசுவதை விட்டுவிட்டார். நான் சாயங்கால நடையை விட்டேன். பயத்தைச் சும்மா கற்பனை என்று ஒதுக்காதீர்கள், உங்கள் மனைவியிடமும் அப்படிச் சொல்லாதீர்கள். அன்று சுட்டவனைத் தடுக்கப் பாய்ந்து குண்டு வாங்கியவர் அங்கேயே உட்கார்ந்திருந்த ஓர் அமெரிக்கர். அந்தப் பாதியை நான் அப்போது கவனிக்கவே இல்லை.

மார்ச் மாதம் எதிர் வீட்டு அம்மா கதவைத் தட்டினார். கொஞ்ச நாளாக நடக்கப் போவதைக் காணோமே, உடம்புக்கு என்ன என்று கேட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை, பயமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். யாரைப் பார்த்து என்றார். நான் பதில் சொல்லாமல் அவர் தோளுக்கு மேலே தெரிந்த கொடியைப் பார்த்தேன். அந்த அம்மாவின் முகம் மாறியதை இன்றும் மறக்க முடியவில்லை. கோபம் இல்லை, அடிபட்ட முகம். தங்கள் வாசலில் பறப்பது எதிர் வீட்டில் இப்படி வந்து விழும் என்று அவர்களுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. நான் சொல்லாமல் அவர்களுக்கு எப்படித் தெரியும்? கொடி இறங்கவில்லை. ஆனால் அடுத்த நாளிலிருந்து அந்த அம்மா என்னோடு நடக்க வந்தார், இன்றும் வருகிறார்.

நம் ஊரில் இது நமக்குப் புதிதா என்று சிலர் கேட்பார்கள். அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் தெருவில் பெரியப்பா வீட்டுச் சுவரில் உதயசூரியன், எங்கள் வீட்டுச் சுவரில் இரட்டை இலை. தேர்தல் முடிந்த மாதமே கோயில் கொடைக்கு ஒரே ரசீதுப் புத்தகத்தில் வரி பிரிப்பார்கள். நானும் அதைச் சொல்லித்தான் மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் அது முழுவதும் பொருந்தாது, தம்பி. அங்கே நான் எந்தக் கட்சியானாலும் அந்த ஊர்க்காரி. கட்சிச் சண்டை தண்ணீருக்கும் சாலைக்கும் மானத்துக்கும் நடந்தது. இங்கே நடக்கும் சண்டையில் நாம் இங்கே இருக்கலாமா என்பதே ஒரு பொருள். உங்கள் மனைவிக்கு வரும் பயம் இந்த வித்தியாசத்திலிருந்துதான் வருகிறது.

அதனால்தான் 2024 செப்டம்பர் எனக்குக் கடினமாக இருந்தது. நம்மிடமிருந்து 25 மைல் தள்ளி ஸ்பிரிங்ஃபீல்ட். அங்கே குடியேறிய ஹைத்தி மக்கள் வளர்ப்புப் பிராணிகளைப் பிடித்துத் தின்கிறார்கள் என்று செப்டம்பர் 10 அதிபர் தேர்தல் விவாதத்தில் டிரம்ப் சொன்னார். அப்படி நடந்ததற்கு எந்த ஆதாரமும் இல்லை என்று நகர நிர்வாகம் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு வெடிகுண்டு மிரட்டல்கள் வந்து பள்ளிக்கூடங்களைக் காலி செய்தார்கள். பெரியவர் குப்பைத்தொட்டியை உருட்டிக்கொண்டே அதே கதையை என்னிடம் சொன்னார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் உங்களைச் சொல்லவில்லை" என்றார்.

இந்த வார்த்தையை நீங்களும் கேட்பீர்கள். அன்பாகத்தான் சொல்வார்கள். தலையாட்டிவிட்டு உள்ளே போய்விடலாம் என்று தோன்றும். போகாதீர்கள். நான் அன்று சொன்னேன்: நானும் இரண்டு பெட்டியோடு வந்து இறங்கியவள்தான், என் சாப்பாட்டு வாசனையைப் பற்றியும் பேசியிருக்கிறார்கள், அவர்களைப் பற்றிச் சொன்னால் என்னைப் பற்றிச் சொன்னதுதான். உங்கள் கட்சி ஆளுநர் டிவைன், ஸ்பிரிங்ஃபீல்டிலேயே பிறந்தவர், அவரே அது பொய் என்கிறாரே, அவரை நம்புங்கள். குரல் உயர்த்தவில்லை, ஆனால் கை நடுங்கியது. இரண்டு வாரம் அவர் என்னோடு பேசவில்லை. அவர் மனைவி மட்டும், தங்கள் சர்ச் மூலம் ஸ்பிரிங்ஃபீல்ட் குடும்பங்களுக்கு உணவுப் பொட்டலம் கொண்டு போகிறோம், வருகிறாயா என்று கேட்டார். போனேன். பெரியவர்தான் கார் ஓட்டினார். வழியில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நவம்பரில் அவர் டிரம்புக்குத்தான் வாக்களித்தார். அந்தக் கதையை மட்டும் என் எதிரில் மறுபடி சொன்னதில்லை.

ஒரு யார்டு சைனைப் பார்த்து ஓர் ஆளை முழுவதும் அளந்துவிட முடியாது. 2023 நவம்பரில், குடியரசுக் கட்சி எதிர்த்த கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியல் சட்டத்தில் சேர்க்க வாக்கெடுப்பு வந்தபோது ஒஹாயோவில் 100க்கு 57 பேர் சேர்க்கச் சொன்னார்கள். அடுத்த ஆண்டு அதே மாநிலம் டிரம்புக்கு வாக்களித்தது. எதிர் வீட்டு அம்மா இரண்டிலும் என்ன செய்தார் என்று நான் கேட்டதில்லை, கேட்கவும் மாட்டேன்.

இனி நடைமுறை. உங்கள் விசாவில் கவனமாக இருக்க வேண்டியவை இவை. லைசென்ஸ் எடுக்க பி.எம்.வி. என்ற வாகன அலுவலகத்துக்குப் போகும்போது வாக்காளராகப் பதிகிறீர்களா என்று கேட்கலாம். 1993 சட்டப்படி லைசென்ஸ் விண்ணப்பத்தோடேயே வாக்காளர் பதிவும் சேர்ந்து வருவதால் வரும் கேள்வி அது. குடியுரிமை இல்லாதவர் தவறியும் அதில் டிக் செய்யக்கூடாது. கிரீன் கார்டு இருந்தாலும் கூடாது. பின்னால் குடியுரிமையே சிக்கலாகும், நாடு கடத்தல் வரை போகலாம். தேர்தல் நன்கொடையும் எச்1பி வேலை விசாவில் இருப்பவர் தரக்கூடாது. கிரீன் கார்டு வந்தபின் அதிபர், காங்கிரஸ் தேர்தல்களுக்குத் தரலாம், ஆனால் ஒஹாயோ மாநிலத் தேர்தல்களுக்கு விதி வேறு, விசாரிக்காமல் தராதீர்கள். அடுத்தவர் புல்வெளியில் இருக்கும் சைனைக் குழந்தைகள் விளையாட்டாகப் பிடுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தையை ஒரு வீட்டுக்கு விளையாட அனுப்பும்போது துப்பாக்கி பூட்டி வைத்திருக்கிறீர்களா என்று கேளுங்கள். இங்கே நிறையப் பெற்றோர் கேட்கிறார்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. பனி கொட்டினால் உங்கள் டிரைவ்வேயோடு பக்கத்து வீட்டு நடைபாதையையும் சேர்த்துத் தள்ளுங்கள். அறிமுகம் அங்கேதான் தொடங்கும்.

எல்லா வீட்டிலும் இது பலிக்காது. எங்கள் தெருமுனையில் ஒரு குடும்பம் பத்து வருடமாக என் வணக்கத்துக்குத் திரும்பிப் பார்த்ததில்லை. அவர்களை விட்டுவிட்டேன். ஆனால் யாராவது மிரட்டினால், வாசலில் ஏதாவது எழுதிவைத்தால், பொறுத்துப்போவது வேறு, பயந்து கிடப்பது வேறு. போட்டோ எடுத்து, தேதியோடு எழுதி, அன்றைக்கே போலீசில் கொடுங்கள். விசாவுக்கு ஆபத்து என்று நினைத்துப் பேசாமல் இருக்காதீர்கள்.

2025ல் ஒருநாள் பெரியவர் தெருவைக் கடந்து வந்தார். குடியரசுக் கட்சிக்காரரான விவேக் ராமசாமி ஒஹாயோ ஆளுநர் பதவிக்கு நிற்பதாக அறிவித்திருந்த சமயம். சின்சினாட்டியில் பிறந்தவர், பெற்றோர் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். அந்தப் பெயரைச் சரியாக எப்படிச் சொல்வது என்று கேட்டார். என் வாசலில் நின்று ராமசாமி, ராமசாமி என்று நாலு தடவை சொல்லிக் காட்டினேன். உங்கள் ஆள், அவருக்குத்தானே போடுவீர்கள் என்றார். மாட்டேன், அவர் சொல்லும் பலவற்றில் எனக்கு உடன்பாடில்லை என்றேன். ஏன் என்று கேட்டார். படியில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் பேசினோம். அதுவரை அவரோடு அவ்வளவு நேரம் நான் அரசியல் பேசியதில்லை.

உங்கள் மனைவிக்கு என் எண்ணைக் கொடுங்கள். சனிக்கிழமை பத்து மணிக்கு நான் அங்கே வருகிறேன். அவர் வெளியே வர மனமிருந்தால் இரண்டு பேருமாகத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வருவோம். இல்லையென்றால் வீட்டிலேயே உட்கார்ந்து காபி குடிக்கலாம்.