ஹால்மார்க் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சிச் சானலின் கல்யாணக் காதல் படங்களில் அப்படி என்னதான் இருக்கிறது? எல்லாம் ஒரே கதைதானே?

வீட்டில் யாரோ ஓடவிட்டதை நடுவில் வந்து உட்கார்ந்து, ஒன்றரைப் படம் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒரே கதைதான், அதை அவர்கள் மறைப்பதும் இல்லை. இட்லி வட்டமாக இருக்கிறது என்று யாராவது குறை சொல்வார்களா? குறைகள் உண்டு, ஆனால் வேறு இடங்களில். 'இதற்கெல்லாம் ஒரு அலசலா' என்று சிரிக்கப்போகிறவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

முதலில் தயாரிப்புக் கணக்கு. இரண்டு மணி நேர ஒளிபரப்பில் விளம்பரம் போக மிஞ்சுவது ஏறக்குறைய 84 நிமிடம். அதை ஒன்பது பகுதிகளாகப் பிரித்து எழுதுகிறார்கள். ஒவ்வொரு பகுதியும் விளம்பரத்துக்கு முன்னால் ஒரு சின்னக் கொக்கியோடு முடிய வேண்டும். படப்பிடிப்பு சுமார் 15 நாள், அதாவது நாளொன்றுக்கு ஐந்தரை நிமிடப் படம் கையில் வந்தாக வேண்டும். ஒரே காட்சியை ஆறு கோணத்தில் எடுக்க நேரம் கிடையாது. அதனால்தான் இருவரும் நடந்துகொண்டே பேசுகிறார்கள், இல்லையென்றால் காபிக் கடையில் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிறார்கள். வெளிச்சமும் எல்லா மூலையிலும் ஒரே அளவு. நிழல் விழும்படி விளக்கு வைக்க ஆகும் அரை மணி நேரம் அங்கே பெரிய காசு.

இந்த அவசரத்துக்குக் கல்யாணத்தைப் போலத் தோதான கதைக்களம் இல்லை. 'இன்னும் ஆறு நாளில் முகூர்த்தம்' என்றால் கெடு தானாக வந்துவிடுகிறது. கேக் ருசி பார்ப்பது, பூ தேர்வு, உடை அளவு, யார் பக்கத்தில் யார் உட்காருவது, முந்தின நாள் ஒத்திகை விருந்து என்று சடங்குக்கு ஒரு காட்சி. எல்லாவற்றையும் ஒரே விடுதியிலும் அதன் தோட்டத்திலும் எடுத்து முடிக்கலாம். கதை நடக்கும் அமெரிக்கச் சிற்றூர் பல சமயம் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், வான்கூவர் பக்கத்து ஃபோர்ட் லாங்லி மாதிரி ஓர் ஊராக இருக்கும். படப்பிடிப்புக் கூலிச் செலவில் ஒரு பங்கை அங்கே வரிச்சலுகையாகத் திருப்பித் தருகிறார்கள்.

என்னைக் கேட்டால் இந்த வகையின் பெரிய பலம் வயது. பெரிய திரை நாற்பது தாண்டிய நடிகையை அம்மா வேடத்துக்கு அனுப்பும். இங்கே அவர்தான் நாயகி. 'மெல்ரோஸ் பிளேஸ்' தொடரில் நடித்த ஜாக் வாக்னரும் ஜோசி பிசெட்டும் 2016 முதல் 2021 வரை ஆறு கல்யாணப் படங்களில் ஒரே ஜோடியாக வந்தார்கள். அவ்வளவு நாள் பழகிய இரண்டு பேர் பேச்சுக்கு நடுவே விடும் இடைவெளியை எந்தக் கதாசிரியராலும் எழுத முடியாது.

பலவீனம் ஏழாவது, எட்டாவது பகுதியில் இருக்கிறது. பாதித் தொலைபேசிப் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டு நாயகி பெட்டி கட்டுவாள். ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். கடைசி விளம்பரத்தைத் தாண்டி நம்மை உட்கார வைக்கக் காதலர்களுக்குள் ஒரு பிரிவு தேவை, ஆனால் மனம் கசக்கும் அளவுக்குப் போகக் கூடாது என்பது எழுதப்படாத விதி. விளைவு, ஊறாத ஊறுகாய்.

இன்னொன்று, யாருமே பணம் பேசுவதில்லை. பந்தல் யார் செலவு, விடுதிக்கு முன்பணம் யார் கட்டியது? சம்பந்தி வீட்டில் ஒருவருக்குக்கூட முகம் கோணவில்லை. கல்யாணத்தில் நாடகமே அங்கேதானே இருக்கிறது!

யாருடைய கல்யாணம் என்பதிலும் நெடுங்காலம் குறுகல். 2019 டிசம்பரில் மணக்கோலத்தில் இரண்டு பெண்கள் முத்தமிடும் விளம்பரத்தை அந்தச் சானல் நிறுத்தியது, எதிர்ப்பு கிளம்பியதும் மன்னிப்புக் கேட்டது. அடுத்த ஆண்டே இரண்டு பெண்களின் கல்யாணம் ஒரு படத்தில் வந்தது.

'நம்மூர்த் தொடர்களைவிட இதெல்லாம் உசத்தியா' என்று ஒருவர் வருவார், தெரியும். உசத்தி என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு தாலி கட்ட மூன்று வாரம், ஒவ்வொருவர் முகத்துக்கும் மூன்று முறை இடி, கடைசியில் வாசலிலிருந்து 'நிறுத்துங்க!' இதை வருடக்கணக்காகச் சகித்துக்கொண்டு, 84 நிமிடத்தில் கல்யாணத்தை முடித்து அனுப்புகிறவர்களைக் கேலி செய்வது நியாயமா?

பார்ப்பதென்றால் முதல் இருபது நிமிடம் நாயகியின் கையைக் கவனியுங்கள். தையல்காரி என்றால் ஊசி, கேக் செய்கிறவள் என்றால் மாவு, ஏதாவது ஒன்றை உண்மையிலேயே கையாண்டால் மீதியையும் ஓரளவு அக்கறையோடு எடுத்திருப்பார்கள். கைபேசியும் குறிப்பெழுதும் அட்டையும் மட்டும்தான் என்றால் சானலை மாற்றிவிடுங்கள். காபிக் கோப்பையையும் பாருங்கள். பாதிப் படங்களில் அது காலி. ஆவி பறக்கும் காபி என்பார்கள், கோப்பையோ காற்றடைத்த பை மாதிரி கையில் ஆடும்.