‘பேர் வித் மீ’: எந்த எழுத்து, எந்த இடம்

தம்பி, அம்பாசமுத்திரத்துல இருந்து இங்கிலாந்து வந்து மூணு வாரம்னு எழுதியிருக்கீங்க. வாடகை, குளிருக்குச் சட்டை, அப்புறம் மெயில்ல எழுதின ‘பேர் வித் மீ’யை மேனேஜர் ஏன் திருத்தினாருன்னு மூணு கேள்வி. முதல் ரெண்டையும் உங்ககூட வேலை பாக்குதவங்களே சொல்லிருவாங்க. மூணாவதைச் சொல்லுதேன்.

நீங்க எழுதினது பி-ஏ-ஆர்-ஈ. அதுக்குத் ‘துணியைக் களை, வெறுமையாக்கு’ன்னு அர்த்தம். வேண்டியது பி-ஈ-ஏ-ஆர். கரடிக்கும் அதே எழுத்துதான், ஆனா இங்க ‘பொறுத்துக்கோங்க’. காதுக்கு ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டும் உள்ள சொல்லுங்கிறதால கம்ப்யூட்டர் சிவப்புக்கோடு போடாம விட்டுரும். ‘அரை மணி நேரத்துல வாரேன்’ங்கிறதை ‘அறை’ன்னு எழுதுன மாதிரி.

நடுவுல ‘வித்’தை விடக்கூடாது, விட்டா ‘என்னைத் தாங்கு’ன்னு ஆயிரும். நீங்க மட்டும்னா ‘மீ’, கம்பெனி சார்பா எழுதுனா ‘அஸ்’. பின்னாலயே காரணம் வரணும்: ‘ப்ளீஸ் பேர் வித் மீ வைல் ஐ செக் த ஃபிகர்ஸ்’. கொஞ்ச நேரக் காத்திருப்புக்குத்தான் இது. நாள் கணக்குல தாமதம்னா மன்னிப்புக் கேட்டு, முடியுத தேதியைப் போடுங்க. நன்றி சொல்ல ‘பேரிங் வித் அஸ்’னு எழுதும்போது அந்த ‘ஈ’ விட்டுப்போனா மறுபடியும் துணி களையுத கதைதான். ஈ போய் ஆர் ரெண்டாயிட்டா ‘தவிர’ன்னு வேற சொல்லு. ‘பேர் இன் மைண்ட்’டுக்கும் கரடி எழுத்துதான், ‘நினைவுல வைங்க’ன்னு பொருள்.

‘ஐ வில் ரிவர்ட்’டையும் விட்டுருங்க. நமக்கு அது ‘பதில் போடுதேன்’. இங்க ‘பழைய நிலைக்குத் திரும்புதேன்’. சாஃப்ட்வேர் ஆளுங்க, செஞ்ச மாத்தத்தையே எடுக்கப்போறீங்கன்னு நினைப்பாங்க. ‘ஐ வில் ரிப்ளை பை தர்ஸ்டே’ போதும்.

இங்க ரொம்ப வருஷமா இருக்கவங்க சிலபேரு, ‘மரபுத்தொடரா அள்ளிப் போடு, அப்பத்தான் மதிப்பான்’னு புதுசா வாரவங்களுக்குச் சொல்லுதாங்க. கெட்ட யோசனை. மெயிலுக்கு ஒண்ணுக்கு மேல வேண்டாம். தப்பு வந்தா கூனிக்குறுகவும் வேண்டாம். 1841-ல இடையன்குடிக்கு வந்த கால்டுவெல்லுக்குத் தமிழ் அயல்மொழிதான். 1856-ல திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணமே வெளியிட்டாரு.

அனுப்பின மெயிலைத் திருத்தித் திரும்ப அனுப்பாதீங்க. அடுத்ததுல சரியா எழுதுங்க.