4294967297 பகா எண்ணா?

இல்லை. 1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும், 1-ஐவிடப் பெரிய முழு எண்ணே பகா எண். இதுவோ 641, 6700417 ஆகிய இரண்டின் பெருக்கல் பலன்.

2-இன் 32-ஆம் அடுக்கோடு 1 கூட்டினால் இந்த எண் வரும். இதே போல 2-இன் 1, 2, 4, 8, 16-ஆம் அடுக்குகளோடு 1 கூட்டினால் வரும் 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும் பகா எண்களாக இருந்ததால், இதுவும் அப்படியே இருக்கும் என்று கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார். 1732-இல் மற்றொரு கணித அறிஞரான ஆய்லர் 641-ஐக் காட்டி அந்த நம்பிக்கையை உடைத்தார்.

இதன் பகாக் காரணி எதுவானாலும், 2-இன் அடுக்குகளை அதனால் வகுத்துக்கொண்டே போனால் 64-ஆம் அடுக்கில்தான் முதன்முறையாக மீதி 1 வரும்; பிறகு 64-இன் மடங்குகளில் மட்டுமே அது திரும்பும். காரணியைவிட ஒன்று குறைந்த அடுக்கிலும் மீதி 1 வந்தாக வேண்டும் என்பதால், அக்காரணியையே 64-ஆல் வகுத்தாலும் மீதி 1 ஆகவே இருக்க வேண்டும். சாவிக்கொத்தில் பூட்டுக்குப் பொருந்தாத வடிவங்களை முதலிலேயே ஒதுக்குவது போலத்தான் இது: அப்படி மீதி 1 தரும் பகா எண்களில் 193, 257, 449, 577 ஆகிய நான்கும் தோற்றபின், ஐந்தாவதான 641 திறந்துவிடுகிறது.

சிறிய எண்கள் சிலவற்றால் வகுபடாவிட்டால் பேரெண் பகா எண்ணாகிவிடும் எனப் பலர் கருதுவது தவறு.