இளநீரும் சோடியம் சேனலும்

அன்புள்ள ஐயா,

பிசியோதெரபி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நரம்பு செல்லின் மின்னழுத்தம் -55 மில்லிவோல்ட்டைத் தொட்டால் சோடியம் சேனல் (சோடியத்தைச் செல்லுக்குள் விடும் புரத வாயில்) திறக்கும், +30-ல் மூடும் என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். டயாலிசிஸ் செய்துகொள்ளும் என் பெரியப்பா, சித்திரை வெயிலுக்கு இரண்டு நாள், பொட்டாசியம் நிறைந்த இளநீராகக் குடித்துவிட்டு, கால் தூக்க முடியாமல் படுத்துவிட்டார். இரத்தத்தில் பொட்டாசியம் 7.4 மில்லிமோல், மிக அதிகம் என்றார்கள். வெளியே பொட்டாசியம் ஏறினால் செல் அந்த -55-ஐ நெருங்கத்தானே செய்யும்? தசை துடித்திருக்க வேண்டாமா? ஏன் துவண்டது?

மாணவி, சைதாப்பேட்டை

அன்புள்ள மாணவிக்கு,

உங்களைக் குழப்புவது ‘+30-ல் மூடும்’ என்ற வரிதான். அதை அடித்துவிடுங்கள். +30 வந்ததா என்று பார்த்து மூடுகிற உறுப்பு எதுவும் அந்தச் சேனலில் கிடையாது.

இருப்பது இரண்டு தடுப்புகள். ஓய்வில் முதலாவது மூடியிருக்கும், இரண்டாவது பெரும்பாலும் திறந்திருக்கும். செல்லின் உட்புறம் எதிர்மின் நிலையிலிருந்து மேலேறும்போது, சேனல் புரதத்தில் நேர்மின்னூட்டம் தாங்கிய எஸ்4 பகுதிகள் வெளிப்பக்கமாக நகர, முதல் தடுப்பு சட்டென்று திறக்கிறது. இரண்டாவது, புரதத்தின் மூன்றாம் நான்காம் பிரிவுகளை உட்பக்கம் இணைக்கும் ஒரு சிறு துண்டு. அதைக் கிளப்புவதும் அதே மின்னழுத்த ஏற்றம்தான், ஆனால் அது மெதுவானது. ஏறத்தாழ ஒரு மில்லிசெகண்டில் சோடியம் ஓட்டத்தை நிறுத்திவிடும். திறக்கும் உத்தரவும் அடைக்கும் உத்தரவும் ஒன்றே, வேகம்தான் வேறு.

இதற்கு ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற விஞ்ஞானிகள் 1952-ல் வெளியிட்ட கணவாய் மீன் நரம்பு அளவீடுகளே சாட்சி. மின்னழுத்தத்தை 0-வுக்கு உயர்த்தி அங்கேயே பிடித்து நிறுத்தினால், சோடியம் மின்னோட்டம் சரேலென்று ஏறி, தானாகவே இறங்கிவிடுகிறது. மின்னழுத்தமோ அசையவே இல்லை. பிற்பாடு, நரம்பிழைக்குள் புரோனேஸ் என்ற புரதச் சிதைப்பானைச் செலுத்திப் பார்த்தார்கள். சேனல் திறந்தது, அடைபடவில்லை. இரண்டும் தனித்தனிப் பாகங்கள் என்பது அதில் தெளிவாயிற்று.

அடைபட்ட சேனல் ஓய்வுநிலைக்குத் திரும்ப, மின்னழுத்தம் மறுபடி நன்றாகக் கீழே இறங்கி, சில மில்லிசெகண்டு அங்கே நிற்க வேண்டும். அதுவரை எவ்வளவு தூண்டினாலும் திறக்காது. அடுத்தடுத்த மின் துடிப்புகளுக்கு இடையே ஒரு இடைவெளி கட்டாயமாவது இதனால்தான். (கீழே இறக்குவது, சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் சோடியம்-பொட்டாசியம் பம்ப் என்று எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் ஏராளம். இறக்குவது வெளியேறும் பொட்டாசியம். பம்ப் நிதானமாகப் பின்னால் கணக்கைச் சரிசெய்கிறது.)

இப்போது பெரியப்பாவின் தசை. செல்லுக்குள் பொட்டாசியம் 140, வெளியே 4 மில்லிமோல் என்றால் பொட்டாசியத்தின் சமநிலை மின்னழுத்தம் (அது உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாகும் அளவு) சுமார் -95 மில்லிவோல்ட். வெளியே 8 ஆனால் -76. தசையின் ஓய்வு மின்னழுத்தமும் இதையொட்டி மேலே வரும். லேசாக வந்தால் நீங்கள் சொன்னபடியே செல் எளிதில் தூண்டப்படும். ஆனால் ஏற்றம் நீடித்தால் மெதுவான அந்த இரண்டாம் தடுப்புக்கு வேண்டிய அவகாசம் கிடைத்துவிடுகிறது. சேனல்கள் ஒவ்வொன்றாக, திறக்காமலேயே அடைபடும். பெரும்பகுதி அப்படிப் போனால், அந்த -55 வாசலைத் தொட்டாலும் மின் துடிப்பை எழுப்ப மிச்சமிருக்கும் சேனல்கள் போதாது. தசை துவளும்.

இதயத்திலும் இதே கதை, ஆபத்து மட்டும் பெரிது: இ.சி.ஜி.யில் டி அலை கூர்மையாகும், க்யூ.ஆர்.எஸ். என்ற அலைத்தொகுதி அகலும். அப்போது ஏற்றும் கால்சியம் குளுக்கோனேட் பொட்டாசியத்தைக் குறைப்பதில்லை. இதயத் தசையைத் தற்காலிகமாக நிலைப்படுத்துகிறது, அவ்வளவுதான். பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளுவது குளுக்கோஸுடன் தரும் இன்சுலின். உடலைவிட்டே வெளியேற்ற டயாலிசிஸ்தான் வேண்டும்.

வீட்டில் இளநீரை மட்டும் ஒளித்து வைத்தால் போதாது. ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று கடையில் விற்கும் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். பொட்டாசியம் குளோரைடு கலந்திருந்தால் அதைப் பெரியப்பாவின் சமையலில் சேர்க்கவே கூடாது.