காரின் எயார் இன்டேக்கை வீட்டிலேயே மாற்றினால் இழுவை கூடுமா?

கேட்டவர் யாழ்ப்பாணத்தில் ரொயோட்டா அக்சியோ 141 கார் வைத்திருக்கிறார். எயார் இன்டேக் என்பது எஞ்சினுக்குக் காற்று போகும் வழி. கம்பெனி போட்ட, பில்டர் இருக்கும் எயார் பொக்ஸைக் கழற்றிவிட்டு, பெட்டியில்லாமல் திறந்து நிற்கும் கூம்பு வடிவக் கோன் பில்டரும் அலுமினியப் பைப்பும் வீட்டிலேயே பூட்டினால் இழுவை எவ்வளவு கூடும் என்பது கேள்வி.

என்னிடம் இருப்பதும் அதே கார், அதே 1500 சிசி எஞ்சின். இதைச் செய்து, கழற்றி, பிறகு அளந்தும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: காற்று போகும் வழியில் பில்டருக்குப் பின்னால் இருக்கும் எதையும் தொடாதீர்கள். வீட்டில் செய்யக்கூடிய வேலை இருந்தால் அது பில்டருக்கு முன்னால் உள்ள துண்டில்தான்.

முதலில் நானும் நீங்கள் யோசிப்பதைத்தான் செய்தேன். கொழும்புக்குப் போன நேரம் பஞ்சிகாவத்தையில் ஒரு செற் வாங்கிவந்து, வீட்டு முற்றத்தில் ஒரு பின்னேரத்துக்குள் பூட்டி முடித்தேன். ஸ்டார்ட் பண்ணி மிதித்ததும் நல்ல உறுமல். பக்கத்து வீட்டுப் பெடியன் மதிலால் எட்டிப் பார்த்து, "அண்ணை, என்ன செய்தனீங்கள்? வேற கார் மாதிரிக் கத்துது" என்றான். எனக்கும் கார் பறக்கிற மாதிரித்தான் இருந்தது. அந்தச் சத்தம் புதிதாக வந்ததல்ல. கம்பெனிப் பைப்பின் பக்கத்தில் ஒன்றுக்கும் உதவாததுபோல ஒட்டிக்கொண்டிருக்கும் வெற்றுப் பெட்டி, ரெசனேற்றர், அதுவரை விழுங்கிக்கொண்டிருந்த சத்தம் அது.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி வீதி நெரிசலில் மாட்டிக்கொண்டபோது உண்மை தெரிந்தது. காரின் கொம்பியூட்டரிலுள்ள அளவுகளை வாசிக்கும் ஓபிடி அடப்டரைப் போனோடு இணைத்து வைத்திருந்தேன். எஞ்சினுக்குள் போகும் காற்றின் வெப்பம் 62 பாகை காட்டியது. நெரிசலை விட்டு வெளியே வந்த பிறகும் அது இறங்கச் சில நிமிடம் எடுத்தது. கம்பெனி எயார் பொக்ஸோடு அதே வீதியில் 46, ஓடும்போது 38 தான். பொனற்றுக்குள்ளே திறந்து கிடக்கும் கோன் பில்டர், ரேடியேற்றரும் எக்ஸோஸ்ற்றும் சூடாக்கிய காற்றைத்தான் குடிக்கிறது. சூடான காற்று அடர்த்தி குறைந்தது. 10 பாகை கூடினால் ஏறக்குறைய 3 வீதம் போய்விடும். 38க்கும் 62க்கும் நடுவில் 7 வீதம் போகிறது. போதாக்குறைக்கு, எங்கள் 92 ஒக்ரேன் பெற்றோலில் சூடான காற்றுக்கு எஞ்சின் தட்டத் தொடங்கினால், அதாவது கலவையின் ஒரு பகுதி தானாகவே வெடித்தால், காரின் கொம்பியூட்டரே ரைமிங்கை, பொறி விழும் நேரத்தை, பின்னுக்கு இழுத்துவிடும். இழுவை இன்னும் குறையும்.

நாலாம் நாள் எஞ்சின் லைற் எரிந்தது. கோட் பி0171, அதாவது காற்றுக்குப் பெற்றோல் போதவில்லை. பில்டருக்கு அடுத்ததாக ஒரு காற்றளவு சென்சர் இருக்கிறது. அதன் உள்ளே ஒரு சூடான நுண்கம்பி. காற்று அதைக் குளிர்த்தும் அளவை வைத்துத்தான் எவ்வளவு பெற்றோல் விடுவது என்று கொம்பியூட்டர் கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கு கம்பெனிப் பைப்பின் விட்டத்துக்கு மட்டும் சரி. உதாரணமாக 60 மில்லிமீற்றர் பைப்புக்குப் பதில் 70 போட்டால் பரப்பு 36 வீதம் கூடும். அதே காற்று மெதுவாகப் போகும். சென்சர் குறைவாகச் சொல்லும். மெதுவாக ஓடும்போது, எக்ஸோஸ்ற் புகையைப் பார்க்கும் ஒக்சிசன் சென்சர் அதைத் திருத்திவிடும். முழுதாக மிதிக்கும்போது அந்தத் திருத்தம் நிற்கிறது, எஞ்சின் பெற்றோல் குறைந்த, காய்ந்த கலவையில் ஓடுகிறது. எண்ணெய் பூசிய பில்டர் என்றால் அந்த எண்ணெய் கம்பியில் படிந்து தனிச் சிக்கல்.

"அந்தக் காலத்தில எயார் கிளீனரைக் கழட்டிப்போட்டே ஓடினனாங்கள்" என்று பெரியாட்கள் சொல்வார்கள். அது பொய்யில்லை. 90களில் பொருளாதாரத் தடைக்குள் அப்பாவின் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் மண்ணெண்ணெயில் ஓடியது. எயார் கிளீனரைக் கழற்றி, கார்பரேற்றர் வாய்க்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் எடுப்பார். கார்பரேற்றரில் காற்று தானே பெற்றோலை உறிஞ்சி இழுக்கும், இடையில் கணக்குப் போட ஒருவரும் இல்லை. அந்த அனுபவத்தை அக்சியோவுக்குக் கொண்டுவர முடியாது.

இனி அளந்த கதை. காற்று எங்கே நெரிபடுகிறது என்று பார்க்கப் பெரிய கருவி தேவையில்லை. மேசன்மார் மட்டம் பார்க்கும் தெளிந்த பிளாஸ்ரிக் ரியூப்பை ஒரு பலகையில் யூ வடிவில் கட்டி, பாதிக்குத் தண்ணீர் விட்டு, நிறம் தெரிய உடுப்புக்குப் போடும் நீலம் கொஞ்சம் கலந்தேன். நடுவில் அடிமட்டம். ஒரு முனை திறந்தே இருக்கும். மற்ற முனையை, எஞ்சின் மூடியிலிருந்து இன்டேக் பைப்புக்கு வரும் மூச்சு ஹோஸில் ஒரு ரீ (மூன்று வாய் இணைப்பு) போட்டு இணைத்தேன். கவனம்: மிதிக்கும்போது திறக்கும் காற்றுக் கதவான த்ரொட்டிலுக்குப் பின்னால், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரிக்கும் மனிபோல்டுக்குப் போகும் ஹோஸில் இணைத்தால் தண்ணீர் முழுவதையும் எஞ்சின் உறிஞ்சிவிடும்.

விடியக்காலையில் ஆனையிறவுப் பக்கம் போனோம். மச்சான் பலகையை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வாசிக்க, நான் 30இலிருந்து 70 வரை முழுதாக மிதித்தேன். அதற்கு மேல் சட்டமும் விடாது, தேவையும் இல்லை. நின்ற இடத்தில் றேஸ் பண்ணி அளப்பதில் பயனில்லை, த்ரொட்டில் முழுதாகத் திறந்து எஞ்சின் பாரம் இழுக்கவேண்டும். நீலத் தண்ணீர் ஒரு பக்கம் ஏறி மற்றப் பக்கம் இறங்கி, நடுங்கிக்கொண்டே நின்றது. இரண்டு பக்க வித்தியாசம் எவ்வளவு கூடவோ, காற்று அவ்வளவு நெரிபடுகிறது. பழைய பில்டரோடு இரண்டு பக்கத்துக்கும் 31 சென்ரிமீற்றர் வித்தியாசம். புதுப் பில்டரோடு 21. பரிசோதனைக்காக ஒரேயொரு ஓட்டம் பில்டரே இல்லாமல்: 17. பில்டரைத் திரும்பப் போட்டு, முன்னால் காற்றெடுக்கும் மூக்குக் குழாயை மட்டும் கழற்றினால் 13.

10 சென்ரிமீற்றர் தண்ணீர் என்றால் வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய 1 வீதம். அப்படியென்றால் நல்ல பில்டர் ஒன்று எடுத்துக்கொள்வது 4 சென்ரிமீற்றர், அரை வீதம்கூட இல்லை. எத்தனை ஆயிரம் ரூபாய்க்கு கோன் பில்டர் வாங்கினாலும் மிச்சம் பிடிக்கக்கூடியது அதுதான். இன்டேக் முழுவதையும் இல்லாமலாக்கினாலே 2 வீதம். 110 குதிரைவலுவில் 2. அதைப் பிடிக்கப்போய் நான் வெப்பத்தில் 7 வீதத்தை இழந்திருந்தேன். ஊத்தை பிடித்த பில்டரை மாற்றியதில் மட்டும் 1 வீதம் கிடைத்தது, அதுவும் புகை சேர்ட்டிபிகேற்றுக்கு ஒரு பயமும் இல்லாமல்.

பிறகு என்ன செய்தேன் என்றால், மூக்குக் குழாயை அதன் இடத்திலேயே விட்டு, எயார் பொக்ஸின் கீழ்ப்பாதியில், பில்டருக்கு முன்பக்கமாக, இரண்டாவது வாய் ஒன்று வெட்டி, கிறில்லுக்குப் பின்னாலிருந்து இரண்டரை அங்குல வளையும் ஹோஸ் கொண்டுவந்தேன். சூடான காற்று புகும் இடைவெளிகளைக் கதவு றபர் ஒட்டி அடைத்தேன். அளவு 15க்கு இறங்கியது, வெப்பம் கூடவில்லை, சென்சரின் கணக்கும் குழம்பவில்லை. ஸ்டொப்வொச்சில் வித்தியாசம் பிடிபடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். கோன் பில்டர் சூடேறிய பிறகு எடுத்த ஓட்டங்கள்தான் சராசரியில் கால் செக்கன் பிந்தின.

ஆகவே காசைச் செலவழிப்பதென்றால் பில்டரில் செலவழியுங்கள். சேர்விஸ் புத்தகத்தின் கணக்கு தூசி குறைந்த தார் றோட்டுக்கானது. கோண்டாவில், உரும்பிராய்ப் பக்கம் தோட்ட ஒழுங்கைகளில் ஓடும் காருக்கு அதில் பாதியில் மாற்றவேண்டும். என் பழைய பில்டரைச் சீமெந்து நிலத்தில் தட்டினேன், செம்மண் தூள் ஒரு கைப்பிடி கொட்டியது. கொம்பிரசரால் ஊதுவதென்றால் சுத்தமான பக்கத்திலிருந்து, மெதுவாக. ஊத்தைப் பக்கத்திலிருந்து ஊதினால் தூசி கடதாசிக்குள் புகுந்துவிடும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: குளிர் காற்று வேண்டுமென்று பைப்பை பம்பருக்குக் கீழே இறக்காதீர்கள். ஐப்பசி தொடங்கினால் மார்கழி வரை எங்கள் ஒழுங்கைகளில் தண்ணீர் நிற்கும். 2024 நவம்பர் கடைசியில் எப்படி நின்றது என்று உங்களுக்கே தெரியும். இந்த எஞ்சினில் ஒரு சிலிண்டர் 374 சிசி, அமுக்க விகிதம் 10.5. பிஸ்ரன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் 40 மில்லிலீற்றருக்குக் கிட்ட, மூன்று மேசைக்கரண்டிகூட இல்லை. அதைவிடக் கூடத் தண்ணீர் உள்ளே போனால், தண்ணீர் அமுங்காது, பிஸ்ரனைத் தாங்கும் கொனெக்டிங் றொட் வளையும். கம்பெனி மூக்குக் குழாயின் வாய் நிலத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று ரேப் பிடித்து அளந்து குறித்து வையுங்கள். நீங்கள் புதிதாக எந்த வாய் வைத்தாலும் அதற்கு ஒரு அங்குலம்கூடக் கீழே போகவேண்டாம்.