தைராய்டு மாத்திரையும் முடி உதிர்வும்: கேள்வி பதில்

தமிழ்நாடு–கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையில் மருந்தாளுநராக 20 ஆண்டுகளுக்கு மேல் பணிபுரிகிறேன். எல்லைக்கு இப்புறமும் அப்புறமும் உள்ள சகோதரிகள் அனுப்பிய கேள்விகளுள் அடிக்கடி வருவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (பாறசாலை): அக்கா, தைராய்டு குறைவு என்று லெவோதைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரை 50 மைக்ரோகிராம் தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. முன்பைவிட இப்போதுதான் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. நிறுத்திவிடட்டுமா?

பதில்: தயவுசெய்து நிறுத்தாதீர்கள். தலைமுடி ஒவ்வொன்றும் 2 முதல் 6 ஆண்டுகள் வளர்ந்து, பிறகு ஏறத்தாழ மூன்று மாதம் ஓய்வில் இருந்துவிட்டே உதிர்கிறது. ஆகவே இன்று உங்கள் சீப்பில் வரும் முடி, பெரும்பாலும் நீங்கள் மாத்திரையைத் தொடுவதற்கு முன்பே, தைராய்டுச் சுரப்பு குறைந்திருந்த நாட்களில் ஓய்வுக்குப் போன முடிதான். சிகிச்சையின் முதல் சில மாதங்களில் உதிர்வு சற்று கூடுவதும் உண்டு, அது தற்காலிகமானது. உதிர்ந்த முடி ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வேர்ப்பக்கம் நொய்யரிசி போல ஒரு வெள்ளை முடிச்சு இருந்தால், அது காலம் முடிந்து தானே கழன்ற முடி. இம்மருந்தில் பாதி உடலை விட்டு நீங்கவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆவதால், இரத்தத்தில் அதன் அளவு நிலைப்பட ஆறு வாரம் பிடிக்கும், டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டுச் சுரப்பு குறைந்தால் இது ஏறும்) பரிசோதனையை 6 முதல் 8 வாரத்தில் செய்யச் சொல்வது அதனால்தான். உங்களுக்கு அந்த நாள் வந்துவிட்டது. அளவு சரியான பின்னும் முடி பழைய அடர்த்திக்கு வர ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகலாம்.

கேள்வி (குழித்துறை): மாத்திரை போட்டதும் கருப்பட்டிக் காப்பி குடிப்பேன். இரத்தசோகைக்கான இரும்புச்சத்து மாத்திரையும் அப்போதே. டி.எஸ்.எச். இறங்கவே இல்லையே?

பதில்: காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். இரும்பும் கால்சியமும் குடலிலேயே இம்மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; காப்பியும் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். வெறும் வயிற்றில் தண்ணீருடன் மட்டும் போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் காப்பி குடியுங்கள். இரும்பு மாத்திரைக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். என்னிடம் வரும் ஒரு அம்மா தைராய்டு மாத்திரையைத் தலையணை அருகிலும் இரும்பு மாத்திரையைச் சோற்றுப் பானை அருகிலும் வைத்துக்கொள்கிறார். இரண்டும் கலப்பதே இல்லை. இரும்புச்சத்துக் குறைவும் முடியை உதிர்க்கும் என்பதால் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் பார்த்துவிடுவது நல்லது.

கேள்வி (செங்கோட்டை): முடிக்காகப் பயோட்டின் (பி வகை வைட்டமின்) சாப்பிடலாமா?

பதில்: பயோட்டின் குறைபாடு இல்லாதவர்களுக்கு அதனால் பலன் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. அதைவிட எனக்குக் கவலை தருவது, சில ஆய்வக முறைகளில் அது டி.எஸ்.எச். அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டுவதுதான். அதை நம்பி மாத்திரையின் அளவைக் குறைத்துவிட நேரும். சாப்பிடுபவராக இருந்தால், பரிசோதனைக்கு இரண்டு நாட்களுக்கு முன்பாவது நிறுத்தி, மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

கேள்வி (மார்த்தாண்டம்): தைராய்டுக்கு ஆகாது என்கிறார்களே, மரச்சீனிக் கிழங்கை (மரவள்ளியை) விட்டுவிட வேண்டுமா?

பதில்: வேண்டாம். அயோடின் பற்றாக்குறை உள்ள இடத்தில் அதையே நாள்தோறும் முக்கிய உணவாக உண்பவர்களுக்குத்தான் சிக்கல். அயோடின் உப்புப் போட்டு நன்றாக வேகவைத்து, தண்ணீரை வடித்து, மீன்குழம்புடன் அளவாக உண்ணலாம்.

கேள்வி (நெய்யாற்றின்கரை): முடி சீக்கிரம் வளர, மாத்திரையை நானே கொஞ்சம் கூட்டிப் போடலாமா?

பதில்: கூடாது. தைராய்டு ஹார்மோன் மிகுந்தாலும் முடி உதிரும். நெஞ்சு படபடக்கும், நாளடைவில் எலும்பும் தேயும். எல்லை தாண்டி வாங்கும்போது வேறு நிறுவனத்தின் மாத்திரை கைக்கு வந்தால், மைக்ரோகிராம் அதேதானா என்று பார்த்து, ஆறு வாரம் கழித்து மறுபடி பரிசோதியுங்கள். உச்சியில் வட்டமாகச் சொட்டை விழுந்திருந்தால் அது புழுவெட்டாக இருக்கலாம். மாத்திரையின் அளவைக் கூட்டினாலும் அது தீராது, தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.