போட்டோவுக்கு மட்டும்தான் துடைப்பமா?

கேள்வி: காரைக்குடியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்தேன். வளாகத்தைப் பெருக்குகிறோம், பேனர் பிடித்துப் போட்டோ எடுக்கிறோம், அவ்வளவுதான். விலகிவிடலாமா?
- ஒரு மாணவி

பதில்: விலக வேண்டாம். 1969-இல், காந்தி நூற்றாண்டின்போது தொடங்கிய திட்டம் இது. இரண்டு வருடத்தில் 240 மணி நேரப் பணி, அத்துடன் ஏழு நாள் சிறப்பு முகாம். இதெல்லாம் முடித்தால்தான் சான்றிதழ். அந்த மணி நேரத்தை வளாகத்துக்குள்ளேயே கழிக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

உங்கள் பக்கத்தில்தான் ஊருக்கு ஊர் ஊருணி இருக்கிறதே! படிக்கட்டெல்லாம் நன்றாக இருக்கும், ஆனால் மழைத்தண்ணீர் வந்து சேரும் வரத்துக்காலில் சீமைக்கருவேலம் மண்டி, பிளாஸ்டிக் பை அடைத்து, பெய்த மழை ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கும். முகாமுக்கு அப்படி ஓர் ஊரைக் கேளுங்கள். ஊராட்சியில் முதலில் அனுமதி வாங்கிவிடுங்கள், இல்லையென்றால் பாதியில் யாராவது வந்து "யாரைக் கேட்டு வெட்டுறீங்க?" என்பார்கள். கருவேலத்தை மேலாக வெட்டினால் மறுபடி தழைத்துவிடும், தூரோடு தோண்ட வேண்டும். அது உங்களால் ஆகாது, ஜேசிபிக்கு ஊராட்சியையே கேளுங்கள். குப்பை அள்ளுவது, வாய்க்கால் மண்ணை எடுப்பது உங்கள் வேலை. புதரில் பாம்பு இருக்கும், ஷூ இல்லாமல் இறங்காதீர்கள்.

அப்புறம், திட்ட அலுவலரிடம் புகாராகப் போகாமல் ஊர், தேதி, எத்தனை பேர் என்று ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். பெரும்பாலும் அவரும் பாடம் நடத்திவிட்டு இதையும் சேர்த்துச் சுமக்கிறவர்தான். போட்டோவா? அதையும் எடுத்துக்கொள்ளட்டும், சரி.